ரிஸ்வானாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே நிறையச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஊருக்குள் போனதும் யாரை முதலில் பார்க்க வேண்டும், பெண்பிள்ளையை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் வீட்டில் எப்படிப் பேச வேண்டும், வேலை கொடுக்கும் நிறுவனத்திடம் எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும் என்று. நாம் அனுப்பிவைத்த பிள்ளை ஒருநாள் போன் செய்து, பதில் சொல்ல முடியாத ஒன்றைக் கேட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பேச ஆளில்லாத மத்தியானங்களில், நான் அதிகம் நினைத்துப்பார்ப்பது அப்படி வந்த ஒரு போனைப் பற்றித்தான். அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ராமநாதபுரத்தில் எங்கள் பயிற்சி மையம் இருந்தது. தையல், ஏ.சி. மெக்கானிக், படகு இன்ஜின் பழுதுபார்ப்பு, நோயாளி பராமரிப்பு என்று சில மாதப் பயிற்சிகள். நான் ஒருங்கிணைப்பாளர். பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை பஸ்ஸில் போவதும் வருவதும்தான். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் கிராமங்களில் தொடங்கி ராமேஸ்வரம் வரைக்கும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்ப்பேன். பயிற்சி முடிந்ததும் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ வேலைக்கு அனுப்பிவைப்பேன். அதன் பிறகு மூன்று மாதம் அவர்கள் அங்கே நிலைத்து நிற்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டால் அந்த வேலைவாய்ப்பு கணக்கில் வராது.

எனக்குச் சொந்த ஊர் அபிராமம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராமநாதபுரத்தில் கேணிக்கரைப் பக்கம் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் தனியாகக் குடியிருந்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். ஒவ்வொரு குழுவும் கிளம்பிப்போன மறுநாள் வகுப்பறையைப் பூட்டப் போவேன். கரும்பலகையில் யாராவது ஒரு பிள்ளை தன் பெயரை எழுதிவைத்திருப்பாள். அழிக்க மனம் வராது. அடுத்த குழு வந்து அழித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

ரிஸ்வானா பெரியபட்டினத்துப் பெண். அவளுடைய வாப்பா சீனி முகம்மது மண்டபத்தில் ஒரு விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். உம்மா செய்யதம்மாள் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராதவர். தங்கை ஹசீனா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் ஆண்கள் சவுதியிலோ துபாயிலோ இருந்தார்கள். வெளிநாட்டுக்கு ஆண்பிள்ளையை அனுப்பப் பழகிய தெரு, கோயம்புத்தூருக்குப் பெண்பிள்ளையை அனுப்பப் பயந்தது. நான் நான்கைந்து தடவை போய் உட்கார்ந்து பேசினேன். கடைசியில் சம்மதித்தவர் சீனி முகம்மதுதான்.

"அவளுக்கு ஆஸ்பத்திரி வேலைன்னா உசுரு டீச்சர். கூட்டிட்டுப் போங்க. ஆனா ஞாயித்துக்கிழமையானா எங்கிட்ட பேசிரணும். அது ஒண்ணுதான் நான் கேக்குறது" என்றார்.

ரிஸ்வானா நோயாளி பராமரிப்புப் படித்தாள். படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப்போடுவது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது, புண் வராமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் கற்றுக்கொண்டாள். கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தங்குவதற்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே விடுதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாப்பா கூப்பிடுவார். கரையில் இருந்தால் வீட்டிலிருந்து பேசுவார். தொழிலுக்குப் போகிற நாளாக இருந்தால் படகுத்துறையில் நின்று, படகு கிளம்புவதற்கு முன்னால் பேசிவிடுவார்.

அவள் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் காலை செய்யதம்மாளிடமிருந்து போன் வந்தது. அந்த அம்மாள் எனக்குத் தானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"டீச்சரம்மா, செத்த இங்கன வந்துட்டுப் போறீகளா?"

வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

தெருமுனையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. சீனி முகம்மது போன படகை எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். படகில் இருந்த எல்லோரையும் இலங்கையில் சிறையில் வைத்திருப்பதாகத் தகவல். இந்தக் கரையில் இது புதிதில்லை. நீங்கள் எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு வீட்டிலாவது இந்தக் கதை இருக்கும். ஆனால் எத்தனை வீட்டில் நடந்திருந்தாலும், நடக்கிற வீட்டுக்கு அது முதல் தடவைதான்.

வீட்டுக்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் செய்யதம்மாள் எழுந்து என் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ரிஸ்வானாவுக்குத் தெரியக்கூடாது டீச்சரம்மா. தெரிஞ்சா அவ ஓடி வந்துருவா. வந்தா திரும்பப் போகமாட்டா. இப்ப இந்த வீட்டுல சம்பாதிக்கிறவ அவ மட்டுந்தான். அது போகட்டும், அவ படிச்ச படிப்பு வீணாப்போயிருமே. அவருக்குத்தான் அவ வேலைக்குப் போறதுல அம்புட்டு சந்தோசம். அவரு வந்து பாக்குறப்ப புள்ள வீட்டுல ஒக்காந்திருந்தா என்னைய என்ன கேப்பாரு?"

"ஞாயித்துக்கிழமை அவ கேப்பாளே?"

"போன் கடல்ல விழுந்துருச்சுன்னு சொல்லிக்கிறேன். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்களும் சொல்லமாட்டேன்னு ஒங்க வாயால சொல்லுங்க."

வாசற்படியில் ஹசீனா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு நிலைமையில் நிற்கும் தாயிடம் நியாயம் பேச யாருக்கும் வாய் வராது.

"நானாப் போயிச் சொல்லமாட்டேன்" என்றேன்.

செய்யதம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு அந்த 'நானா' என்ற சொல்லில், அவளாகக் கேட்டால் சொல்லலாம் என்ற ஒரு சின்ன இடைவெளி தேவைப்பட்டது.

மையத்துக்குத் திரும்பி மேலாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் நன்றாக வர வேண்டும் என்று நினைப்பவர்தான். "அந்தம்மா சொல்றதுதான் சரி மேடம். இப்ப அந்தப் பொண்ணு கிளம்பிட்டா அவ்வளவுதான். மூணு மாசம் முடியட்டும். அதுக்குள்ள அவரும் வந்துருவாரு" என்றார். எனக்கும் அப்போது அது தப்பாகத் தோன்றவில்லை. அவள் அங்கே இருந்து என்ன செய்துவிட முடியும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை சாயங்காலம், நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ரிஸ்வானா கூப்பிட்டாள்.

"மிஸ், நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேன்த்தா. டூட்டி முடிஞ்சுதா?"

"இல்ல மிஸ், பிரேக். வராந்தாவுல நிக்கிறேன். வாப்பா எங்கூடப் பேசி ரெண்டு வாரமாச்சு. போனு தண்ணியில விழுந்துருச்சுன்னு உம்மா சொல்றாங்க. அவங்க போன் விழுந்தா என்ன மிஸ், உம்மா போன்ல பேசலாம்ல? கேட்டா தொழிலுக்குப் போயிட்டாங்கன்னு சொல்றாங்க. எப்பக் கேட்டாலும் தொழிலுக்குப் போயிட்டாங்களா?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"நியூஸ்ல மண்டபம் படகைப் புடிச்சுட்டாங்கன்னு போட்டிருந்துச்சு மிஸ். அந்தப் படகுல வாப்பா இருக்காங்களா? ஒங்களுக்குத் தெரியும். நெசமாச் சொல்லுங்க."

எத்தனை நேரம் யோசித்திருப்பேன் என்று கேட்டால், மூச்சு விடுகிற நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் ஓடியது எல்லாம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. 'இல்லை' என்று சொன்னால் செய்யதம்மாளுக்குக் கொடுத்த வாக்கு நிற்கும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உலகத்தில் மிச்சம் இருக்கும் கடைசி ஆளும் பொய் சொன்னவளாகிவிடுவாள். 'ஆமாம்' என்று சொன்னால், தெரியாத ஊரில் ஆஸ்பத்திரி வராந்தாவில், தோளைப் பிடித்து உட்காரவைக்க ஆளில்லாமல் நிற்கிறாள். பிரேக் முடிந்ததும் யாரோ ஒருவரின் மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றப் போக வேண்டும்.

"நாளைக்கு நான் கோயம்புத்தூர் வாரேன்த்தா. நேர்ல பேசுவோம்" என்றேன்.

"சரி மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

போனைக் கீழே வைத்த பிறகுதான் புரிந்தது. நேரில் வருகிறேன் என்று சொன்னதே பதில்தான். அதுவும் பாதிப் பதில். மீதிப் பாதியை அவள் தனியாக நிரப்பிக்கொள்வாள். கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பெண் அந்தப் பாதியை எதைக் கொண்டு நிரப்புவாள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடனே திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வார்டுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டேன். பிறகு ஒரு செய்தி எழுதி அனுப்பினேன்: 'வாப்பா உயிரோடு இருக்காங்க. நல்லா இருக்காங்க. மற்றதை நேரில் சொல்றேன்.'

செய்யதம்மாளுக்குச் சொன்ன வார்த்தை அத்தோடு போயிற்று. அதைப் பற்றி நான் வருந்தவில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கெட்ட செய்தியை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், அந்தச் சந்திப்பு வரைக்கும் கேட்டவர் தாக்குப்பிடிப்பதற்கு வேண்டியதை முதலில் கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் தள்ளிப்போடலாம், உயிரோடு இருக்கிறார் என்பதைத் தள்ளிப்போட முடியாது.

விடியற்காலையில் பஸ் ஏறினேன். மேலாளருக்கு லீவு என்று மட்டும் தகவல் அனுப்பினேன். மதுரையில் இறங்கி, ஆரப்பாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் போய், அங்கிருந்து கோயம்புத்தூர் பஸ். ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் யாரும் வந்து உட்காரவில்லை.

நான் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, "அய்யாவுக்கு ஒடம்பு சரியில்ல, வந்துட்டுப் போ" என்று சொல்லி அனுப்பினார்கள். அய்யாவுக்குப் பிடிக்குமே என்று பஸ் ஸ்டாண்டில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அபிராமத்தில் இறங்கித் தெருவுக்குள் நுழையும்போதே சங்குச் சத்தம் கேட்டது. பழப்பையோடு அந்தத் தெருவில் நடந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. என்னிடம் மறைத்தவர்கள் எல்லோரும் என்மேல் பிரியம் உள்ளவர்கள். நான் அழுதுகொண்டே வரக்கூடாது என்று நினைத்தார்கள். ஆனால் அழுதுகொண்டே வந்திருந்தால், வழியிலாவது அய்யாவோடு இருந்திருப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஆஸ்பத்திரியில் போய் விசாரித்ததும் வார்டு சிஸ்டர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ரிஸ்வானா ஒரு வயதான மனிதருக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. கொஞ்சம் இருங்கள் என்று கண்ணாலேயே சொன்னாள். கஞ்சி முழுதும் இறங்கும்வரை பொறுத்திருந்து, தண்ணீர் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்து, அவர் வாயோரத்தைத் துடைத்து, தலையணையை உயர்த்திவைத்துவிட்டுத்தான் வந்தாள். முந்தைய இரவு அவள் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கேன்டீனுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே பிடித்தார்கள், எத்தனை பேர், எந்த ஊர்ச் சிறையில் இருக்கிறார்கள் என்று.

"அடிச்சாங்களா மிஸ்?"

"தெரியாதுத்தா. யாருக்கும் காயம் இல்லைன்னு சொல்றாங்க. அதுவும் கேள்விப்பட்டதுதான்."

"எப்ப விடுவாங்க?"

"அதுவும் தெரியாது."

தலையை ஆட்டினாள். தெரியாது என்று சொன்னதை அவள் ஏற்றுக்கொண்டாள். நான் ஆறுதலுக்காக 'சீக்கிரம் வந்துவிடுவார்' என்று சொல்லியிருந்தால், அதற்கு முன்னால் சொன்ன எதையும் நம்பியிருக்க மாட்டாள். அப்புறம் முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன். வேறு எதுவும் செய்யவில்லை.

"ஊருக்கு வாறியா? நான் கூட்டிட்டுப் போறேன். வேலையப் பத்தி யோசிக்காத. நான் பேசிக்கிறேன்" என்றேன்.

முக்காட்டை விலக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேணாம் மிஸ்" என்றாள். "நான் அங்கன வந்து என்ன செய்யப் போறேன். இங்க இருந்தா சம்பளமாவது போகும்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "எனக்குத் தெரியும்னு உம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேணாம் மிஸ். எனக்குத் தெரியாதுங்கிற தெம்புலதான் அவங்க இருக்காங்க. தெரிஞ்சா என்னையப் பத்தியும் நெனச்சுக் கெடப்பாங்க. வாப்பா வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் தெரியாத மாதிரியே பேசிக்கிறேன். நீங்க சொல்லிறாதீங்க."

அம்மா கேட்ட அதே வாக்கை மகள் கேட்டாள். இந்தத் தடவை நான் 'நானா' என்ற சொல்லைப் போட்டுக்கொள்ளவில்லை. "சரி" என்றேன். ஊர்விட்டு ஊர் வந்து, இந்தச் செய்தியைக் கேட்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஒரு முடிவு எடுத்திருக்கிற பெண். அந்த முடிவை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமையில்லை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்கிறேன். மத்தியானம் உம்மா மகளுக்குப் போன் செய்வார். வாப்பா தொழிலுக்குப் போயிருக்கிறார், போன் இன்னும் வாங்கவில்லை என்பார். மகள், "நல்ல வாப்பா, ஒரு போன் வாங்க இம்புட்டு நாளா?" என்று சிரிப்பாள். இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள், ஹசீனா படிக்கிறாளா என்று பேசுவார்கள். அது முடிந்ததும் எனக்கு இரண்டு போன்கள் வரும்.

"அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்ல டீச்சரம்மா, சிரிச்சுப் பேசுறா. அல்லாதான் காப்பாத்துறான்" என்பார் செய்யதம்மாள்.

"உம்மா சாப்புடுறாங்களா மிஸ்? கொரலு எளச்சுப்போயிக் கெடக்கு" என்பாள் ரிஸ்வானா.

நான் இரண்டு பேருக்கும் பதில் சொல்வேன். போனை வைத்ததும் வீடு அமைதியாகிவிடும். ஒருத்தரிடம் இருப்பதை இன்னொருத்தரிடம் சொல்ல முடியாது. எனக்கென்று இதைச் சொல்லிக்கொள்ளவும் யாரும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சும்மா எழுந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்துபோய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். கடைக்காரர் "என்ன டீச்சர், ஊருக்கா?" என்று கேட்பார். இல்லை என்பேன். இந்த வேலையில் அடுத்தவர் துக்கம் உங்களிடம் வந்து தங்கும். அது தங்குவதற்கு உங்கள் வாழ்க்கையில் இடம் இருக்கிறதா, அதை இறக்கிவைக்க உங்களுக்கு ஒரு ஆள் இருக்கிறாரா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இருக்கவில்லை.

ரிஸ்வானா மூன்று மாதத்தைத் தாண்டினாள். மேலாளர் மாதக் கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். "ஒரு நாள்கூட லீவு போடல. இதுதான் நம்ம பயிற்சியோட தரம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்குச் சில வாரம் கழித்து சீனி முகம்மதையும் மற்றவர்களையும் விடுதலை செய்தார்கள். விமானத்தில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து வேனில் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். படகு வரவில்லை. செய்யதம்மாள் எனக்குப் போன் செய்து, "வந்துட்டாரு டீச்சரம்மா, வந்துட்டாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

நான் போனபோது வீட்டில் சாப்பாட்டு வாசனை வந்தது. ஆனால் செய்யதம்மாள் முகம் வேறு மாதிரி இருந்தது. சீனி முகம்மது பாயில் உட்கார்ந்திருந்தார். ரொம்பவும் மெலிந்திருந்தார். தாடி நரைத்திருந்தது.

"ஒக்காருங்க டீச்சர்" என்றார். "நேத்து வந்ததும் புள்ளைகிட்டப் பேசுனேன். போன் கடல்ல விழுந்துருச்சுத்தா, இப்பத்தான் வாங்குனேன்னு இவ சொல்லச் சொன்ன மாதிரியே சொன்னேன். அவளும் 'அப்படியா வாப்பா'ன்னா. அப்புறம் 'ஒங்களை அடிச்சாங்களா வாப்பா'ன்னு கேட்டுட்டு அழுதுட்டா."

அவர் குனிந்து பாயின் ஓரத்தைத் தடவினார். "உள்ள இருந்தப்ப எனக்கு வேற கவல இல்ல டீச்சர். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எம்புள்ள போனைப் பாத்துக்கிட்டு இருப்பாளே, வாப்பா நம்மள மறந்துட்டாருன்னு நெனச்சிருவாளோன்னுதான் நெனச்சுக் கெடந்தேன். அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு நேத்துத்தான் தெரியும். அது போதும் எனக்கு."

செய்யதம்மாள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். என்னிடம் கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் குரல் கோபமாக இல்லை.

"நீங்க போயிச் சொன்னீங்களாமே. அவளே சொல்லிட்டா. சொன்னது தப்புன்னு நான் சொல்லல டீச்சரம்மா. அவளுக்குத் தெரியும்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"அவதான் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டா."

"கேப்பா. அவ எம்மக. நானுந்தான் கேட்டேன்." முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமையானா நான் நல்லா அழுது முடிச்சு, மூஞ்சியக் கழுவிட்டுத்தான் அவளுக்குப் போன் போடுவேன். நேத்து அவ சொல்றா, அவளும் அப்படித்தான் அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டுத்தான் போனை எடுப்பாளாம். ரெண்டு பேரும் கழுவுன மூஞ்சியோட சிரிச்சுப் பேசியிருக்கோம். இம்புட்டு நாளும் ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கலாமே டீச்சரம்மா."

நான் உண்மையைச் சொன்னதும் சரி, ஒரு பெண் எடுத்த முடிவை மதித்ததும் சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் சரியான இரண்டு காரியங்களுக்கு நடுவில் ஒரு தாயும் மகளும் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள். அன்றைக்குக் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து, "வா, ரெண்டு பேரும் சேர்ந்து இப்பவே உம்மாவுக்குப் போன் போடுவோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கலாம். அவள் மறுத்திருக்கக்கூடும். கேட்டுப் பார்த்திருக்கலாம். உங்களுக்கு அப்படி ஒரு பெஞ்ச் வாய்த்தால் கேட்டுப் பாருங்கள்.

சாப்பாடு போட்டார்கள். செய்யதம்மாள்தான் பரிமாறினார். என் இலையில் மீன் தீர்ந்ததைப் பார்த்து, கேட்காமலேயே இன்னொரு துண்டு வைத்தார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்தபோது ஹசீனா போனைக் கொண்டுவந்து உம்மாவிடம் கொடுத்தாள். கோயம்புத்தூரிலிருந்து ரிஸ்வானா. செய்யதம்மாள் போனை வாங்கிக் காதில் வைத்ததும் "எத்தா" என்று மகளை அழைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அந்தப் பக்கம் அவளும் அழுகிறாள் என்பது தெரிந்தது. சீனி முகம்மது மெல்ல நகர்ந்து வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, போனுக்கு அருகில் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஹசீனாவும் போய் ஒட்டிக்கொண்டாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய நேரமும் அதில்லை. தெருவில் நல்ல வெயில். கடற்பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. ராமநாதபுரம் பஸ் வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. நான் நின்றுகொண்டே இருந்தேன்.